அணைக்குப் பின் ஆறு

திருச்சிராப்பள்ளியிலிருந்து கரூர் செல்லும் சாலையில் மேற்கு நோக்கி ஏறத்தாழ 18 கிலோமீட்டர் சென்றால், குடகு மலையில் பிறந்து, மேட்டூரில் தேங்கி, பவானி, நொய்யல், அமராவதி ஆகிய நதிகளைத் தன்னுள் ஏற்றுக்கொண்டு அகண்ட காவிரியாய் விரிந்து வரும் பெருநதி, வடக்கே கொள்ளிடம் என்றும் தெற்கே காவிரி என்றும் இரண்டாகப் பிரிந்து, இடையே ஸ்ரீரங்கம் என்னும் திவ்ய க்ஷேத்திரத்துக்கு இடங்கொடுத்து நகரும் முக்கொம்பை அடையலாம். விடுமுறை நாட்களில் குழந்தைகளுடன் வந்து பூங்காவில் உலாவி, மரநிழலில் கட்டுச்சோற்றை அவிழ்த்து உண்டு, மாலையில் வீடு திரும்பும் ஜனங்களுக்கு அது ஓர் உல்லாச ஸ்தலம்; ஆனால் தஞ்சைத் தரணியின் க்ஷேமம் பல நூற்றாண்டுகளாக இந்த ஒரு பிரிவைப் பொறுத்தே இருந்து வந்திருக்கிறது என்பதையும், அந்தப் பிரிவை மனிதன் தன் கையால் திருத்தியமைத்தபோது நதி என்ன செய்தது என்பதையும் அறிந்தவர்கள் சிலரே. உடல் எடையைக் குறைக்கும் பொருட்டு இரைப்பையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, அதன்பின் தங்கள் மனம் ஏன் இப்படிக் கொந்தளிக்கிறது என்று அறியாமல் திகைத்து நிற்கும் அன்பர்களையும் அவர்களுடைய வீட்டாரையும் மனத்தில் வைத்தே அந்த விருத்தாந்தத்தை இங்கே எழுதத் துணிகிறேன்.

கொள்ளிடத்தின் படுகை காவிரியின் படுகையைவிடத் தாழ்ந்தது. அதன் போக்கு நேரானது. கடலை அடையும் தூரமும் அதற்குக் குறைவு. ஆகவே முக்கொம்பில் வந்து சேரும் பிரவாகம் இயல்பாகவே வடக்கே பாய முற்பட்டது. தெற்கே சென்ற காவிரியிலோ, வேகம் குன்றிய நீர் தான் சுமந்து வந்த மணலையும் வண்டலையும் ஆண்டுதோறும் இறக்கி வைத்துப் படுகையை மேடாக்கிக்கொண்டே இருந்தது. காவிரி நீர் மறுபடியும் கொள்ளிடத்தில் வழிந்து வீணாகாதபடி கரிகாற்சோழன் கட்டியதாக மரபு கூறும் கல்லணை, ஸ்ரீரங்கத் தீவின் கீழ்க்கோடியில் காவலாக நின்றதே தவிர, மேற்கோடியில் நேர்ந்துகொண்டிருந்த நஷ்டத்தை அதனால் தடுக்க முடியவில்லை. மணலையும் தழையையும் கொண்டு ஆற்றுக்குள் அமைக்கும் கோரம்புகள் ஒரு வெள்ளத்தில் கரைந்து போயின. 1804-ஆம் ஆண்டில் கால்டுவெல் என்ற ராணுவப் பொறியாளர் ஆற்றைப் பரிசோதித்துக் கல்லணையின் மேல் கற்களை வைத்து உயர்த்தினார்; ஆயினும் படுகை மேடிடுவது நின்றபாடில்லை.

இந்த நிலையில்தான், இளம் பொறியாளராகச் சென்னை ராஜதானிக்கு வந்திருந்த ஆர்தர் காட்டன் இப்பிரச்சினையைக் கையில் எடுத்தார். ஆழம் காண முடியாத மணலில் அஸ்திவாரம் இடும் வித்தையைக் கல்லணையைக் கட்டியவர்களிடமிருந்தே தம்மவர் கற்றனர் என்று பிற்காலத்தில் மனமுவந்து எழுதிய அவர், கொள்ளிடத்தின் தலைப்பில், வெள்ளம் மேலே வழிந்து செல்லத்தக்க ஒரு தாழ்ந்த சுவரையும், மணல் வெளியேறுவதற்கான மதகுகளையும் அமைத்தார். 1836-ஆம் ஆண்டையொட்டி எழுந்த இதுவே மேலணை. பலன் உடனே தெரிந்தது. பல தலைமுறைகளாகத் தண்ணீருக்கு ஏங்கிய காவிரி நிறைந்து ஓடிற்று; வாய்க்கால்கள் உயிர் பெற்றன; கஜானாவுக்கு வரி பெருகியது. அந்த ஆண்டின் மகிழ்ச்சியோடு கதையை முடித்துக்கொண்டால் அது வெற்றியின் வரலாறாகவே தோன்றும்.

ஆனால் நதி அத்துடன் அடங்கவில்லை. தண்ணீர் குறைவாக வந்த காலத்துக்கு ஏற்பத் தன் படுகையையும் கரைகளையும் அமைத்துக்கொண்டிருந்த காவிரிக்கு இப்போது அளவுக்கு மிஞ்சிய பிரவாகம் வந்தது. அது படுகையைத் தோண்டிற்று, கரைகளை அரித்தது. காவிரி வறண்டுவிடுமோ என்று அஞ்சிய பொறியாளர்களே, கொள்ளிடம் தன் பங்கை இழந்து மணல் மேடாகிவிடுமோ என்று கவலைப்படும் காலம் வந்தது. 1840-களில் மேலணையின் நடுப்பகுதியின் உயரத்தைக் குறைத்தார்கள்; காவிரியின் தலைப்பிலும், படுகை மேலும் ஆழ்ந்து போகாமல் காக்க ஒரு குறுக்குச் சுவரை எழுப்பினார்கள். பின்னர், நூற்றாண்டு முடியும் தறுவாயில், வெறும் சுவர் போதாதென்று ஏற்றி இறக்கும் கதவுகளை வைத்தார்கள். அணை கட்டிய செயல் ஓரிரண்டு பருவங்களில் முடிந்தது. அதனால் மாறிய ஆற்றைக் கவனித்து, அளந்து, திருத்திக்கொண்டு வந்த வேலையோ இன்றளவும் முடியவில்லை. எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இந்த இரண்டாவது வேலைதான். சரித்திரப் புஸ்தகங்களில் அதற்கு ஒரு வரி கிடைப்பதே அரிது.

சரீரத்தில் உணவு செல்லும் வழியை அதன் தலைப்பிலேயே மாற்றியமைக்கும் சிகிச்சை, மேலணைக்கு ஏறத்தாழ 120 ஆண்டுகள் பிந்தியது. 1954-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் கிரெமென், லின்னர் முதலிய வைத்தியர்கள், சிறுகுடலின் பெரும்பகுதியை உணவு தொடாமலே கடந்து செல்லும்படி இணைக்கும் முறையைப் பற்றி எழுதினார்கள். எடை குறைந்தது, ஆனால் கல்லீரல் கெட்டது, சிறுநீரகத்தில் கல் விழுந்தது, சத்துக் குறைவு உண்டாயிற்று, கால் நூற்றாண்டுக்குள் அம்முறை கைவிடப்பட்டது. 1966-இல் அயோவா சர்வகலாசாலையைச் சேர்ந்த எட்வர்டு மேசன், வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையில் ஒரு பகுதியை இழந்தவர்கள் மெலிந்தே இருப்பதைக் கவனித்து, இரைப்பையைச் சிறு பையாகப் பிரித்து நேரே சிறுகுடலுடன் இணைக்கும் பைபாஸ் முறையைத் தொடங்கினார். இன்று நம் நாட்டில் அதிகமாகச் செய்யப்படும் ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் அகற்றப்பட்டு, ஒரு குறுகிய குழாய் மாத்திரம் எஞ்சுகிறது. 1999-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்த கிரெலின் என்ற பசி ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது அப்படி அகற்றப்படும் மேற்பகுதியிலேதான். ஆகையால் இந்தச் சிகிச்சை பையின் கொள்ளளவோடு பசியின் குரலையும் குறைத்து விடுகிறது. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் வேரூன்றிய இவ்வைத்தியம் இப்போது திருச்சியிலும் நடைபெறுகிறது. நீரிழிவும், ரத்த அழுத்தமும், மூட்டு வலியும், உறக்கத்தில் மூச்சு முட்டலும் இதனால் தணிந்து புதுவாழ்வு பெற்றோர் பலர். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆயினும் உணவு குறையும்போது மனம் என்னாகும் என்ற கேள்விக்கு, இந்தச் சிகிச்சை தோன்றுவதற்கு முன்பே, அதே மினசோட்டாவில் ஒரு விடை கிடைத்திருந்தது. இரண்டாம் உலக மகா யுத்தத்தின் இறுதியில், பட்டினியால் வாடும் ஐரோப்பிய ஜனங்களை மீட்பது எப்படி என்று அறிவதற்காக ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர், ஆயுதமேந்த மறுத்த 36 இளைஞர்களை அவர்களுடைய சம்மதத்துடன் 1945-இல் 24 வாரங்கள் அரைப்பட்டினியில் வைத்துப் பரிசோதித்தார். அவர்கள் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இழந்தார்கள். நல்ல தேகமும் திடசித்தமும் கொண்டவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த அந்த இளைஞர்களில் பலர் எளிதில் சினந்தார்கள், நண்பர்களை விட்டு விலகினார்கள், சோர்வில் ஆழ்ந்தார்கள், சமையற் புஸ்தகங்களைச் சேர்த்து இரவெல்லாம் படித்தார்கள். உணவு மீண்ட பிறகும் அவர்களுடைய மனம் உடனே மீளவில்லை. சிகிச்சை பெற்றவர்களின் நிலை இதிலிருந்து வேறுபட்டதுதான். அவர்களுக்குப் பசி குறைவு, வைத்தியரின் மேற்பார்வை உண்டு. எனினும் மனோநிலை மாறுவதைக் குணக்கேடு என்றோ பலவீனம் என்றோ எண்ணுகிறவர்களுக்கு இந்தப் பரிசோதனை தக்க பதிலாகும்.

ஆப்பரேஷன் முடிந்த முதல் வாரங்களில் திரவ உணவு மட்டுமே. வீட்டில் தாளிக்கும் வாசனை வரும். கையில் இருப்பதோ வடிகட்டிய பருப்புத் தண்ணீர். "ஏன் இதைச் செய்துகொண்டோம்" என்ற பச்சாத்தாபம் அந்நாட்களில் பலருக்கு எழுகிறது. காரணமின்றி அழுகை வருகிறது. பெரும்பாலோருக்கு இது சில வாரங்களில் தணியும். அதன்பின் மாதத்துக்கு மாதம் எடை இறங்கி, சட்டைகள் தளர்ந்து, காண்போரெல்லாம் வியக்கும் ஓர் ஆனந்த காலம் வருகிறது. அது ஓராண்டு, ஒன்றரை ஆண்டு நீடிக்கும். மேலணை கட்டிய மறுவருஷம் நிறைந்தோடிய காவிரியை நினைத்துக்கொள்ளுங்கள். கரை அரிப்பு அந்த நிறைவுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது.

உடல் மெலிந்த வேகத்துக்கு மனத்திலுள்ள பிம்பம் மெலிவதில்லை. பஸ்ஸில் இருவர் இருக்கையில் உட்காரத் தயங்கும் பழக்கம் பல மாதங்கள் தொடர்கிறது. தளர்ந்து தொங்கும் சருமத்தைக் கண்ணாடியில் கண்டு, இதற்காகவா இத்தனை பாடு என்று மனம் வெதும்புகிறவர்கள் உண்டு. முன்பு முகங்கொடுத்துப் பேசாத உறவினர் இப்போது பாராட்டும்போது, "அப்படியானால் அன்று நான் யார்" என்ற கோபம் எழுகிறது. அந்தக் கோபம் நியாயமானது, அதை அடக்கிவைக்க வேண்டியதில்லை. தாம்பத்தியமும் அசைகிறது. ஸ்வீடன் தேசத்தில் நீண்ட காலம் தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில், தனித்திருந்தோர் துணை தேடிக்கொள்வதும், துணையோடிருந்தோர் பிரிவதும் சிகிச்சைக்குப் பின் அதிகரித்ததாக 2018-இல் எழுதியிருக்கிறார்கள். எல்லாவற்றையும்விட ஆழமானது மற்றொன்று. அலுவலகத்தில் அவமானம் நேர்ந்த மாலையில், பிள்ளை தேர்வில் தவறிய இரவில், யாரும் இல்லாத ஞாயிற்றுக்கிழமையில், ஒரு தட்டு பஜ்ஜியோ ஒரு கிண்ணம் அல்வாவோ இவர்களுக்கு அளித்து வந்த சாந்தியை வேறு எதுவும் அளித்ததில்லை. கத்தி அந்தச் சாந்தியின் வழியை அடைத்துவிட்டது. துயரத்தின் வரத்தோ முன்போலவே இருக்கிறது. இழவு விழுந்த வீட்டில் அழக்கூடாது என்று யாரும் சொல்வதில்லை. உணவென்னும் பழைய துணையை இழந்தவரையும் அழவிட வேண்டும்.

இங்கே நம் ஊரின் வழக்கங்களைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஏனெனில் காவிரிக் கரையில் உண்பது தனிமனிதனின் வயிற்றைப் பற்றிய காரியமாக ஒருபோதும் இருந்ததில்லை. ஆடிப் பதினெட்டன்று முக்கொம்பிலும் ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபத்திலும் குடும்பம் குடும்பமாகக் கூடி, காதோலை கருகமணியும் மஞ்சளும் பழமும் வைத்துக் காவிரியை வணங்கி, மஞ்சள் கயிறு மாற்றி, குழந்தைகள் சப்பரம் இழுக்க, தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம், புளியோதரை, தயிர்ச் சாதம் என்று சித்திரான்னங்களைப் பங்கிட்டு உண்பது தலைமுறைகளின் பழக்கம். ஆடியில் ஸ்ரீரங்கம் கோயிலின் உற்சவரான நம்பெருமாளே அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளி, காவிரித் தாய்க்குச் சேலையும் மங்கலப் பொருள்களும் சீராக அனுப்புகிறார். மார்கழிக் கூடாரவல்லியன்று நெய் வழியும் அக்காரவடிசில். இத்தகைய ஊரில், "எனக்கு வேண்டாம்" என்று ஒருவர் இலையைத் தள்ளுவது, அன்பையே தள்ளியதாகப் பொருள்படுகிறது. பைபாஸ் செய்துகொண்டவர் இனிப்பை வேகமாக உண்டால், அது சிறுகுடலில் விரைந்து இறங்கி வியர்வையும் படபடப்பும் தலைசுற்றலும் உண்டாக்கும் என்பதை அத்தையிடமும் பெரியம்மாவிடமும் ஒவ்வொரு விசேஷத்திலும் விளக்கிக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய களைப்பு! பிரசாதம் கடுகளவானாலும் பிரசாதமே என்பது நம் பெரியோர் வழக்கு. அதை நினைவூட்டி, ஒரு விரல் நுனியளவு வாயிலிட்டுக்கொண்டு, பந்தியை விட்டு எழாமல் அனைவரோடும் அமர்ந்திருப்பவரை யாரும் குறை சொல்வதற்கில்லை. மேட்டூர் வறண்டு காவிரியில் மணல் மட்டும் கிடந்த ஆண்டுகளிலும், படித்துறையில் அமைத்த குழாய் நீரில் நீராடிவிட்டு ஜனங்கள் ஆடிப்பெருக்கை நடத்தியிருக்கிறார்கள். ஆற்றில் நீர் குறைந்தமைக்காகக் கூட்டம் கலையவில்லை.

விருந்துக்கு உள்ள இந்த ஞானம் உபவாசத்துக்கும் உண்டு. வைகுண்ட ஏகாதசியன்று உபவாசம் இருப்பவர் தனியே கதவடைத்துக்கொண்டு பசியோடு போராடுவதில்லை. அரையர் சேவையும் பிரபந்தமும் பகல் பத்து, இராப் பத்து உற்சவங்களும் அவர் மனத்துக்கு வேலை தருகின்றன. இரவு கண்விழிக்க உற்றார் உடனிருக்கிறார்கள். மறுநாள் துவாதசிப் பாரணையில் அகத்திக் கீரையும் நெல்லிக்காயும் சுண்டைக்காயும் சேர்த்து உபவாசத்தை நிதானமாக முடிக்கிறார்கள். வயிற்றிலிருந்து எதையேனும் எடுத்துக்கொண்டால், அந்தக் காலி இடத்துக்கு மனத்தில் வேறொன்றை அளிக்க வேண்டும் என்பதை இவ்வழக்கத்தை வகுத்தவர்கள் அறிந்திருந்தார்கள். சிகிச்சை பெற்றவர்கள் வைத்தியரைக் கேளாமல் உபவாசம் இருக்கவே கூடாது. நீரும் புரதமும் குறைந்தால் அபாயம். நான் எடுத்துக்கொள்ளச் சொல்வது அதன் ஏற்பாட்டை மட்டுமே. துயரம் வந்து கை அலமாரியை நோக்கிச் செல்லும் வேளைக்கு முன்னதாகவே மாற்று வழிகளைத் தீர்மானித்து வைத்துக்கொள்ளலாம்: ஸ்ரீரங்கத்தின் சித்திரை வீதியையோ உத்திர வீதியையோ ஒரு சுற்று நடப்பது, இன்னாருக்குத் தொலைபேசுவது, அன்று உண்டதையும் அப்போதிருந்த மனோநிலையையும் ஒரு நோட்டில் எழுதுவது. நாளடைவில் அந்த நோட்டே பசி எது, வருத்தம் எது என்று காட்டிக்கொடுக்கும். சோர்வு நீங்காவிடில் மனத்தை மட்டும் நோகாமல் ரத்தத்தையும் பரிசோதிக்க வேண்டும். வைட்டமின் பி12, தயாமின் முதலிய சத்துக்கள் குறைந்தாலும் மனம் மங்கும், கால் மரக்கும். முன்பே மனச்சோர்வுக்கு மாத்திரை உட்கொண்டவர்கள், ஜீரண வழி மாறியபின் அது முன்போல் உடலில் சேருகிறதா என்று வைத்தியரிடம் விசாரிக்க வேண்டும்.

மேலணையின் கதைக்குத் திரும்புகிறேன். 2018 ஆகஸ்டு 22-ஆம் நாள் இரவு, மேட்டூர் நிரம்பி வெள்ளம் பெருகியிருந்த சமயத்தில், முக்கொம்பின் கொள்ளிடப் பகுதியில் இருந்த 45 மதகுகளில் ஒன்பது இடிந்து ஆற்றோடு போயின. மணல் மூட்டைகளையும் பாறைகளையும் கொட்டித் தாற்காலிகமாக உடைப்பை அடைத்தார்கள். பின்னர் அருகிலேயே 387 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் புதிய கதவணை எழுப்பப்பட்டது. நீண்ட காலம் நின்றது இனியும் நிற்கும் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

சிகிச்சைக்குப் பின் இரண்டாம் ஆண்டும் மூன்றாம் ஆண்டும் இப்படிப்பட்ட கவனமின்மைக்கு உரிய காலங்கள். பாராட்டு ஓய்ந்துவிடும்; இறங்கிய எடையில் சிறிது திரும்பும்; பரிசோதனைக்குச் செல்வதும் குறையும். 2007-இல் அமெரிக்காவின் யூட்டா மாகாணத்து ஆராய்ச்சி ஒன்று, பைபாஸ் செய்துகொண்டவர்களில் மொத்த மரணம் 40 சதவிகிதம் குறைந்திருப்பதைக் காட்டிற்று. அதே ஆராய்ச்சி, வியாதியாலன்றி விபத்தாலும் தற்கொலையாலும் நேரும் மரணம் அவர்களிடையே 58 சதவிகிதம் மிகுந்திருப்பதையும் காட்டிற்று. இத்தகைய மரணங்கள் எண்ணிக்கையில் மிகச் சிலவே என்றாலும், அவற்றைச் சொல்லாமல் மறைப்பது தர்மமாகாது. 2012-இல் வெளியான மற்றோர் ஆய்வில், மதுவுக்கு அடிமையாகும் கோளாறு சிகிச்சைக்குப் பின் முதலாண்டில் கூடாமல் இரண்டாம் ஆண்டில் கூடியது தெரிய வந்தது. மாறிய இரைப்பை வழியே மது விரைந்து ரத்தத்தில் ஏறுகிறது. உணவின் சாந்தியை இழந்த மனம் அதைப் பற்றிக்கொள்கிறது. எனவே, "ஆப்பரேஷன்தான் நல்லபடியாக முடிந்ததே" என்று வீட்டார் நிம்மதி அடையும் அந்தக் காலத்தில்தான், "ராத்திரி சரியாகத் தூங்கினீர்களா, மனசு எப்படி இருக்கிறது" என்று கேட்கும் ஒரு குரல் அவசியமாகிறது. எடை எவ்வளவு என்ற கேள்வியை வைத்தியரிடம் விட்டுவிடலாம்.

எனக்கு ஒரு விருப்பம் உண்டு. திருச்சியிலும் சுற்று வட்டாரத்திலும் இந்தச் சிகிச்சை பெற்றவர்கள், வைத்தியசாலையின் சுவர்களுக்கு வெளியே, மாதம் ஒரு ஞாயிறு முக்கொம்புப் பூங்காவில் கூட வேண்டும். நேற்றுச் செய்துகொண்டவரும் பத்தாண்டு கண்டவரும், கணவன்மாரும் மனைவிமாரும் வர வேண்டும். ஓர் உணவியல் வல்லுநரும் ஒரு மனநல ஆலோசகரும் உடனிருந்தால் நல்லது. அவரவர் சிறு டப்பாவில் கொண்டு வந்ததை மென்று மெதுவாக உண்டு, அரை மணி கழித்துத் தண்ணீர் அருந்தி, வெட்கமின்றி அழுது, எடை திரும்பிவிட்டதென்று அஞ்சுபவரிடம் அவ்வழியே போய் வந்தவர் பேசும்படி அந்தக் கூட்டம் அமைய வேண்டும். அப்படியொன்று கூடும் வரையிலும், கூடிய பிறகும், வாழ்வதே பாரம் என்ற எண்ணம் தலைகாட்டும் இரவில் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவிலும் பகலிலும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம், பேசுகிறவர் சிகிச்சை பெற்றவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, அவருக்காகக் கலங்கி நிற்கும் தாயோ துணையோ கூட அழைக்கலாம்.